'மஸ்டாங் வருதாமே!' - எதை நம்புவது?

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் பெரம்பலூர். ஆனால் ரயிலில் வந்தால் இறங்குவது அரியலூரில்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் சித்தப்பா வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு, அப்புறம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ்சில் ஊர்ந்து 30 கிலோமீட்டர் போக வேண்டும். அன்றைக்கு அந்தக் காபி இரண்டு மணி நேரம் நீண்டுவிட்டது. காரணம், சித்தப்பா மகன் ஒரு மாதம் முன்பு வாங்கியிருந்த புதுக் கம்ப்யூட்டர்.

"அண்ணே, மஸ்டாங் வருதாம்ணே. புது மாடல். நம்ம மறைமலைநகர்லயே செய்யப் போறாங்களாம். இருபது லட்சம்தானாம்" என்று திரையைக் காட்டினான். சிவப்பு நிறத்தில் ஒரு கார். பின்னால் பனைமரங்கள், பக்கத்தில் கடல். பார்த்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி இருந்தது. நானும் ஒரு நிமிடம் வாயைப் பிளந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கார் பைத்தியம் எங்கள் குடும்பத்தில் அவனுக்கு மட்டும் இல்லை.

படத்துக்குக் கீழே இரண்டு பட்டன்கள் இருந்தன. ஒன்று, கார் புக்கிங். மற்றொன்று, 'தொழிற்சாலை மீண்டும் திறப்பு - வேலைக்கு முன்பதிவு'. என் தம்பி ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவன். இருபது லட்ச ரூபாய் கார் அவனுக்கு எதற்கு? அவன் அழுத்தியது இரண்டாவது பட்டனை. 1,999 ரூபாய் கட்டி, ஆதார் நகலையும் அப்லோட் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. "ரிப்ளை வரலண்ணே. தீபாவளி லீவு இல்ல, அதான்" என்றான்.

அது மோசடி என்று அவனிடம் சொல்ல எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. பணத்தைவிட, அந்த நம்பிக்கையைப் பிடுங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் முதலில் தேடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட 'வரப் போகும்' பொருள்களைத்தான். வரப் போகும் கார், வரப் போகும் போன், வரப் போகும் விண்டோஸ். இதையெல்லாம் படிக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நானே தினமும் படிக்கிறேன். ஆனால் 'வரலாம்' என்ற செய்தி எந்த இடத்தில் 'வருகிறது' என்று மாறுகிறது என்பதைக் கவனிக்கப் பழக வேண்டும் என்பது என் கட்சி. ஆங்கிலச் செய்தியில் 'வரக்கூடும்' என்று இருக்கும். தமிழில் வீடியோ போடுகிறவர் தலைப்பில் அந்தக் 'கூடும்' காணாமல் போயிருக்கும். 'லாம்' என்ற இரண்டு எழுத்தைத் தின்றுவிட்டு ஒரு தொழிலே நடக்கிறது.

மஸ்டாங்கையே எடுத்துக் கொள்வோம். இந்தக் கார் முதன்முதலில் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ஆறாவது தலைமுறை மாடலை 2013 டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் உலகின் ஆறு நகரங்களில் காட்டினார்கள். அதில் இந்திய ஊர் எதுவும் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கார் பத்திரிகைகள் புது மஸ்டாங் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து தள்ளின. 2011-ல் ஃபோர்டு கண்காட்சிக்காகச் செய்த ஈவோஸ் என்ற காரைப் பார்த்து, மஸ்டாங்கும் அதே முகத்தோடு வரும் என்று யூகித்தார்கள். வந்த கார் பார்த்தவுடன் மஸ்டாங் என்று சொல்லும்படிதான் இருந்தது. ஆனால் அதே நாள்களில் உலவிய இரண்டு சாதாரணத் தகவல்கள் அப்படியே பலித்தன. பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வரும் என்பது ஒன்று. வலதுபுற ஸ்டியரிங் வைத்துத் தொழிற்சாலையிலேயே செய்யப் போகிறார்கள் என்பது இன்னொன்று.

நமக்கு முக்கியமான தகவல் அந்த இரண்டாவதுதான். வலதுபுற ஸ்டியரிங் இருந்ததால்தான் 2016 ஜூலையில் மஸ்டாங் இந்தியாவுக்கு வந்தது. 5 லிட்டர் வி8 எஞ்சின், விலை 65 லட்சம் ரூபாய். படங்களையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்தவர்கள், 'இது நம்ம ஊருக்கும் வர வாய்ப்பு இருக்கு' என்று முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும். கவர்ச்சியான படத்தில் செய்தி குறைவு. யாரும் ஷேர் செய்யாத வரியில் செய்தி அதிகம். என் அனுபவத்தில் சாப்ட்வேர் செய்திகளுக்கும் இது பொருந்துகிறது.

சரி, கம்பெனியே வாயைத் திறந்து சொன்னால் நம்பலாமா? அங்கேயும் கொஞ்சம் நில்லுங்கள். 2017 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம் அதிகாரபூர்வமாகவே ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஹைபிரிட் மஸ்டாங் 2020-ல் வரும் என்று. வரவில்லை. அதற்குப் பதில் 2019 நவம்பரில் மஸ்டாங் மாக்-இ என்று ஒரு மின்சார எஸ்.யு.வி.யைக் காட்டினார்கள். மஸ்டாங் என்ற பெயரில் நான்கு கதவு! பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஏழாவது தலைமுறை மஸ்டாங் 2022 செப்டம்பர் 14 அன்று டெட்ராய்ட்டில் அறிமுகமானபோதும் ஹைபிரிட் இல்லை. 2.3 லிட்டர் டர்போவும், அதே 5 லிட்டர் வி8-ம்தான். அதுவரை ஹைபிரிட் வி8, நான்கு சக்கர டிரைவ் என்று எழுதியவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் அடுத்த வதந்திக்குப் போய்விட்டார்கள்.

அந்த மாடலில் மாறியது எது தெரியுமா? உள்ளே இருந்த திரை. டிரைவருக்கு எதிரே 12.4 அங்குலம், நடுவில் 13.2 அங்குலம் என்று இரண்டு பெரிய திரைகள். அதில் தெரியும் முப்பரிமாணப் படங்களை வரைவது அன்ரியல் எஞ்சின். உங்கள் வீட்டுப் பையன் கம்ப்யூட்டரில் விளையாடும் பல கேம்களுக்குப் பின்னால் ஓடுகிற அதே சாப்ட்வேர்தான். ஒரு கார் மறுவடிவமைப்பு என்பது இப்போது பாதிக்குப் பாதி கம்ப்யூட்டர் சமாசாரம். ஒளிந்து நின்று படம் எடுப்பவர்கள் பானட்டையும் பம்பரையும் படம் எடுக்கிறார்கள். கண்ணாடி வழியே அந்தத் திரையை ஒரு படம் எடுத்தால் அதில் அதிக விஷயம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். சாப்ட்வேர்க்காரன் அப்படித்தான் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம்.

சோதனை ஓட்டத்தில் போகும் கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளையில் சுழி சுழியாகக் கோலம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிய கார்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று சென்னையைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகள் இருப்பதால், நம் தேசிய நெடுஞ்சாலைகளில் அப்படி ஒன்று முந்திக்கொண்டு போவது அதிசயம் இல்லை. அந்தக் கோலம் எதற்கு? காரின் உடலில் எந்த இடத்தில் மடிப்பு இருக்கிறது, எங்கே வளைகிறது என்பதை நம் கண் நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. கோலம் அந்த நிழலைக் குழப்பிவிடும். முதல் உலகப் போரில் கப்பல்களுக்கு இதே போல் கோடு கோடாகப் பெயிண்ட் அடித்து எதிரியைக் குழப்பினார்கள். காரில் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே பிளாஸ்டிக் பலகை வைத்து உருவத்தையே பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஆகவே முகமூடிக் கார் படம் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்லும்: ஒரு கார் சோதனையில் இருக்கிறது. அதன் அழகு, விலை, தேதி எதையும் அது சொல்லாது.

சில சமயம் கம்பெனியின் சொந்தக் கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கதை கார்வெட் காருடையது. (செவர்லே என்றால் நம் ஊரில் டவேராதான் ஞாபகம் வரும். 2017 கடைசியில் அவர்கள் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். அதே கம்பெனி செய்யும் ஸ்போர்ட்ஸ் கார்தான் கார்வெட்.) காருக்கு நிறம் மாற்றி, சக்கரம் மாற்றிப் பார்க்க ஒரு வெப் பக்கம் வைத்திருப்பார்கள் இல்லையா? 2022 டிசம்பரில் அந்தப் பக்கத்தில், இன்னும் அறிவிக்கப்படாத இ-ரே என்ற ஹைபிரிட் கார்வெட் எட்டிப் பார்த்துவிட்டது. பிறகு 2023 ஜனவரி 17 அன்று அதை முறைப்படி வெளியிட்டார்கள். 1953-ல் முதல் கார்வெட்டைக் காட்டிய அதே தேதி. எழுபது வருடக் கணக்கு பார்த்துத் தேதி குறித்தவர்கள் வெப் பக்கத்தைப் பூட்ட மறந்துவிட்டார்கள்! சாப்ட்வேர் வேலையில் இருக்கும் எனக்கு அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்ட பையனின் நிலைமைதான் முதலில் ஞாபகம் வந்தது.

அதே கார்வெட்டில் எதிர்மாறான கதையும் இருக்கிறது. 2025 மார்ச்சில் இங்கிலாந்தில் இருக்கும் வடிவமைப்பு ஸ்டூடியோவும், ஜூலையில் கலிபோர்னியா ஸ்டூடியோவும் கார்வெட் பெயரில் ஆளுக்கொரு கற்பனைக் காரைக் காட்டின. இவை விற்பனைக்கு வரும் கார்கள் அல்ல என்று கம்பெனி தெளிவாகவே சொன்னது. அப்படியும் 'இதுதான் அடுத்த கார்வெட்' என்று எத்தனை வீடியோக்கள்! சொன்னதையே கேட்காதவர்களிடம் ரகசியம் காப்பது எப்படி என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் யோசித்திருப்பார்கள்.

இப்போது மறுபடியும் அரியலூருக்கு வருவோம். தம்பி காட்டிய படத்தை இரண்டு பேரும் சேர்ந்து பரிசோதித்தோம். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து கூகுள் லென்சில் தேடச் சொன்னேன். உண்மையான கார் படமாக இருந்தால், வேறு கோணத்தில் எடுத்த படங்கள், பெரிய செய்தித்தாள்களின் பக்கங்கள் என்று நிறைய வரும். இதற்கு அந்த ஒரே படம் மட்டும் நாலைந்து பெயர் தெரியாத பக்கங்களில் இருந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நம்பர் பிளேட்டில் எழுத்து மாதிரி ஏதோ இருந்தது, எழுத்து இல்லை. முன் சக்கரத்தில் ஐந்து கம்பி, பின் சக்கரத்தில் ஆறு. பனைமர நிழல் ஒரு பக்கம் விழுகிறது, கார் நிழல் இன்னொரு பக்கம். ஏ.ஐ. மூலம் சில நொடிகளில் செய்த படம். ஆனால் இந்தக் கம்பி எண்ணும் வேலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஏ.ஐ. படங்கள் மாதத்துக்கு மாதம் தேறிக்கொண்டே வருகின்றன. அடுத்த தீபாவளிக்கு நிழலும் சரியாக விழும்.

அதைவிட உறுதியானது பிரவுசரின் மேலே இருக்கும் முகவரி. அந்தப் பக்கத்தின் முகவரியில் கம்பெனியின் பெயர் இருந்தது உண்மை. அதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'வேலை', 'இந்தியா' என்று மேலும் சில ஆங்கில வார்த்தைகள் ஒட்டியிருந்தன. 'டாட்காம்' என்பதற்கு முன்னால் ஒட்டி நிற்கும் சொல் முழுவதும் சேர்ந்ததுதான் அந்த வெப்சைட்டின் பெயர். நடுவில் யாருடைய பெயரை வேண்டுமானாலும் செருகலாம். 'முருகன் ஸ்டோர்ஸ்' வேறு, 'முருகன் ஸ்டோர்ஸ் எதிரே உள்ள கடை' வேறு என்று தம்பிக்குச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டான். தொடர்பு கொள்ள அலுவலக முகவரி இல்லை, வாட்ஸ்அப் நம்பர் ஒன்று மட்டும். பணம் போனது ஒரு தனி ஆளின் யு.பி.ஐ. கணக்குக்கு.

1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். பணம் போன உடனே சொன்னால் அந்தக் கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. பத்து நாள் கழித்துச் சொன்னதில் 1,999 ரூபாய் திரும்பி வரவில்லை. ஆதார் நகல் வெளியே போனதால் ஆதார் வெப்சைட்டில் அவனுடைய பயோமெட்ரிக்கை லாக் செய்து வைத்தோம். இது இலவசம். உங்களுக்கு நேரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்து வைக்கலாம்.

சித்தப்பாவுக்கு ஒரே கோபம். "ஒரு கார் படத்தைப் பார்த்து எவனாவது காசு கட்டுவானா?" என்றார். நான் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பொய்க்குள்ளே உண்மை கொஞ்சம் கலந்திருந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை இருந்தது உண்மை. அங்கே செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி ஆனது உண்மை. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி கார் இறங்கியது. அந்த வருடம்தான் தம்பி டிப்ளமோ முடித்தான். உற்பத்தியை நிறுத்துகிறோம் என்ற அதே அறிவிப்பில், மஸ்டாங்கை இறக்குமதி செய்து விற்போம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடங்களில் ஒரு ஷோரூமிலும் அது வந்து நிற்கவில்லை. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணம் இருப்பதாகத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். இத்தனை உண்மைகளின் மேல் ஒரு சிவப்புக் காரை நிறுத்தினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? மஸ்டாங்குகள் மிச்சிகனில் பிளாட் ராக் என்ற ஊரில் தயாராகின்றன, இந்தியாவுக்கு வந்தவையும் முழு காராகக் கப்பலில் வந்தவையே என்பதை அவன் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

பெரம்பலூரில் நாரணமங்கலம் டயர் தொழிற்சாலை, அரியலூரில் சிமெண்ட் ஆலைகள், இவற்றை விட்டால் டிப்ளமோ முடித்த பையனுக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அமெரிக்காவில் இருப்பவர் புது மஸ்டாங் பற்றிய வதந்தியைப் படிப்பது பொழுதுபோக்கு. எங்கள் ஊரில் படிப்பவனுக்கு அது வேலைவாய்ப்புச் செய்தி. இந்த வித்தியாசம் தெரியாமல் 'சென்னையில் மஸ்டாங்!' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். பணம் பறித்தவன் பின்னால் வந்தான். அவனுக்கு நிலத்தை உழுது வைத்தவர்கள் இவர்கள்.

கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமும் இதே நோயைப் பார்க்கிறேன். 'விண்டோஸ் 12 வருதாமே, வந்தப்புறம் வாங்கிக்கவா?' என்று 2023-லிருந்து என்னைக் கேட்கிறார்கள். 2024-ல் வந்துவிடும் என்றார்கள். வந்தது விண்டோஸ் 11-க்கு ஓர் அப்டேட். அதற்கும் முன்பு, 2015-ல், விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர் மேடையில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. பன்னிரண்டுக்குக் காத்திருந்த என் நண்பர் ஒருவர் இன்னும் பத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு இன்றைக்குக் கம்ப்யூட்டர் தேவையென்றால் இன்றைக்குக் கடையில் இருப்பதை வாங்குங்கள். தேவையில்லை என்றால் வதந்தியை ஜாலியாகப் படியுங்கள்.

தீபாவளி முடிந்து நான் சென்னை திரும்பினேன். அக்டோபர் 31 அன்று செய்தி வந்தது: ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகர் ஆலைக்காகத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. கார் இல்லை, எஞ்சின். ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 2029-ல் உற்பத்தி ஆரம்பம். அரசும் கம்பெனியும் அவரவர் பெயரில் வெளியிட்ட செய்தி. உடனே தம்பிக்கு அனுப்பினேன்.

அவனிடமிருந்து பதில் இல்லை. இரவு நானே போன் செய்தேன்.

"பாத்தேண்ணே. இதுவும் அந்தப் படம் மாதிரிதான் இருக்கும்."

இல்லடா, இது உண்மை, அரசு வெப்சைட்டில் போய் நீயே பார் என்றேன். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. முகவரியை ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்துப் படித்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இரண்டாயிரத்து இருபத்தொன்பதுன்னு போட்டிருக்குண்ணே. வரும்னு போட்டிருக்கா, வரலாம்னு போட்டிருக்கா? நீங்க ஒரு தடவ படிச்சுச் சொல்லுங்களேன்."